ஆட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில்: ஓரிகன் கம்பளிப் பண்ணை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஷானிகோ என்றொரு சிற்றூர். அதன் பக்கத்தில் இருக்கும் இம்பீரியல் ஸ்டாக் ரேஞ்ச் 1871இல் தொடங்கிய பண்ணை. செம்மறி, மாடு, தானியம் மூன்றும் அங்கே உண்டு. தலைமுறை தலைமுறையாக ஆண்டுக்கு ஒருமுறை ஆடுகளின் ரோமத்தைக் கத்தரிப்பார்கள், மூட்டை கட்டுவார்கள், வழக்கமாக வாங்குகிறவர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். 1999இல் அந்த வழக்கம் நின்றுபோனது. வாங்கிவந்த நிறுவனம் கம்பளியைப் பதப்படுத்தும் வேலையை வெளிநாட்டுக்கு மாற்றிக்கொண்டது. இனி உங்கள் கம்பளி வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

பண்ணையை நடத்திவந்த டான் கார்வர், ஜீன் கார்வர் தம்பதிக்கு இரண்டு வழிதான் தெரிந்தது. ஆட்டை விற்றுவிட்டு மாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் கம்பளியைத் தாங்களே நூலாக்கி, உடையாக்கி விற்கலாம். ஜீன் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டார். பதினைந்து ஆண்டுகளுக்குள், 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் அமெரிக்க அணி போட்டுக்கொண்டு நடந்த ஸ்வெட்டரில் அந்தப் பண்ணையின் கம்பளி இருந்தது.

ஒலிம்பிக் வரை போனதால் இதைப் பலரும் வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட காரணம் வேறு. உள்ளூர்க் கம்பளியில் நாள்பட உழைக்கும் உடை செய்து விற்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெயர், லேபிள், டிசைன், போட்டோ என்றுதான் தொடங்குகிறார்கள். ஆட்டுக்காரர் யார் என்று தெரியும், வாடிக்கையாளர் யார் என்று ஓரளவு தெரியும். இரண்டுக்கும் நடுவே கழுவுவது, சிக்கெடுப்பது, நூற்பது, சாயம் ஏற்றுவது, பின்னுவது, பினிஷிங் என்று ஆறேழு கட்டம் இருக்கிறது. சின்ன பிராண்டு பிழைப்பதும் நொடிப்பதும் அந்த நடுப்பகுதியில்தான் என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பண்ணையின் அனுபவம் அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஆலை எங்கே போனது

1900இல் கொலம்பியா சதர்ன் ரயில்பாதை ஷானிகோவில் வந்து முடிந்தது. சுற்றுவட்டாரக் கம்பளியெல்லாம் வண்டி கட்டி அங்கே வந்து குவிந்தது. ‘உலகத்தின் கம்பளித் தலைநகர்’ என்று ஊருக்குப் பட்டமே வந்தது; 1903இல் மட்டும் 40 லட்சம் பவுண்டு, அதாவது சுமார் 1,800 டன் கம்பளி கைமாறியது. 1911இல் டெஷூட்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வேறொரு ரயில்பாதை வந்ததும் சரக்கு அந்தப் பக்கம் போனது. ஷானிகோ காலியாகத் தொடங்கியது.

ஊருக்கு நடந்தது பிறகு தொழிலுக்கே நடந்தது. 1942இல் அமெரிக்காவில் 5 கோடியே 60 லட்சம் செம்மறிகள் இருந்தன. இப்போது சுமார் 50 லட்சம். செயற்கை இழை வந்தது, ஆட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள், மலிவான இறக்குமதி உடை வந்தது. ஆடு குறைந்தால் ஆலைக்குச் சரக்கு போதாது. ஆலை மூடினால் மிச்சமிருக்கும் ஆட்டுக்காரருக்கும் வழியில்லை. பெரிய அளவில் கம்பளி கழுவும் ஆலைகளை எண்ணினால் டெக்சஸின் சான் ஆஞ்சலோ, தென் கரோலினாவின் ஜேம்ஸ்டவுன் என்று இரண்டு ஊர்ப் பெயரிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும்.

இந்த அளவாவது மிஞ்சியதில் ராணுவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ராணுவ உடைக்கான இழை, நூல், துணி எல்லாம் உள்நாட்டிலேயே ஆனதாக இருக்க வேண்டும் என்று சொல்லும் பெர்ரி திருத்தம் 1941இலிருந்து இருக்கிறது. அந்த ஆர்டர்கள்தான் பல ஆலைகளை ஓட வைத்தன. உள்ளூர்க் கம்பளி பிராண்டு தொடங்குகிறவர் தன் நாட்டில் ஆலைகளுக்குச் சோறு போடுவது யார் என்று தெரிந்துகொள்வது நல்லது. சீருடையோ, போர்வையோ, கார்ப்பெட்டோ, ஏதோ ஒரு பெரிய ஆர்டரின் இடுக்கில்தான் நம் சின்ன லாட் (ஆலையில் ஒரே தடவையில் ஓட்டும் சரக்கு) ஓடும்.

முதலில் நூல்

ஜீன் கார்வர் எடுத்த எடுப்பிலேயே உடைக்குப் போகவில்லை. ஆட்டிறைச்சியை உணவகங்களுக்கு நேரடியாக விற்கத் தொடங்கினார். கம்பளியை நூலாக்கி, கையால் பின்னுகிறவர்களுக்கு விற்றார். அக்கம்பக்கத்துக் கைவினைப் பெண்களோடு சேர்ந்து பின்னல் உடைகள் வந்தன. பிறகு போர்ட்லாந்து நகர டிசைனர் அன்னா கோஹனோடு சேர்ந்து பெண்களுக்கான உடை வரிசை வந்தது.

இந்த வரிசை முக்கியம். ஸ்வெட்டர் ஒரே ஒரு மாடல் என்றாலும் ஐந்து சைஸ், நான்கு நிறம் என்றால் இருபது வகை ஆகிவிடுகிறது. ஒவ்வொன்றிலும் பதினைந்து பீஸ் வைத்தால் 300 பீஸ் சரக்கு. எந்தச் சைஸ் போகும், எந்த நிறம் தேங்கும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. நூலுக்குச் சைஸ் கிடையாது. வாங்கிப் போனவர் ‘தோள் இறுக்கமாக இருக்கிறது’ என்று திருப்பி அனுப்ப மாட்டார். அதோடு, கையால் பின்னுகிறவரைப் போல நூலைச் சோதிக்கும் ஆள் கிடைக்க மாட்டார். ஒரு ஸ்வெட்டருக்கான நூல் முழுவதும் அவருடைய விரல் வழியாக, அங்குலம் அங்குலமாகப் போகிறது. முறுக்கு எங்கே தளர்ந்திருக்கிறது, எங்கே முள்ளும் வைக்கோல் துணுக்கும் மாட்டியிருக்கின்றன, சாயம் கையில் ஒட்டுகிறதா, பிரித்துப் பின்னினால் நூல் நைந்துபோகிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அதைச் சொல்லவும் செய்வார். அப்புறம் பணமும் சீக்கிரம் திரும்புகிறது. நடுப்பகுதியைப் பழகிக்கொள்ள நூல் விற்பது மிகக் குறைந்த செலவுள்ள வழி. கையில் சொந்த ஆடு இல்லாத பிராண்டுக்கும் இது பொருந்தும்: முதல் லாட்டில் ஒரு பகுதியை நூல்கண்டாக விற்றுப் பாருங்கள்.

ஆட்டைப் பார்த்து உடை

பண்ணையில் இருந்தது கொலம்பியா இனம். நீண்ட ரோமமுள்ள லிங்கன் கிடாக்களையும் மெல்லிய ரோமமுள்ள ராம்பூலே பெட்டைகளையும் சேர்த்து, அமெரிக்க வேளாண் துறை 1912இலிருந்து வளர்த்தெடுத்த இனம் இது. உடம்பு பெரிது, இறைச்சியும் கம்பளியும் சேர்ந்து தரும். இழையின் பருமன் பொதுவாக 24 முதல் 31 மைக்ரான் வரை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்.

இந்த எண்தான் பிராண்டின் தலையெழுத்தை எழுதுகிறது. கம்பளி குத்துகிறது என்று சொல்வது பெரும்பாலும் அலர்ஜி இல்லை. 30 மைக்ரானுக்கு மேல் பருத்த இழைகளின் நுனி வளையாமல் தோலில் அழுத்துகிறது, நரம்பு அதைக் குத்தலாக உணர்கிறது. துணியில் இப்படிப்பட்ட இழை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனாலே பலருக்கு அரிக்கத் தொடங்கும். சராசரி 19 மைக்ரான் இருக்கும் மெரினோ இன ஆட்டின் கம்பளியில் அவை மிகக் குறைவு. அதனால் பனியனாகவே போடலாம். கொலம்பியாவில் அது நடக்காது. சட்டைக்கு மேல் போடும் ஸ்வெட்டர், கார்டிகன், ஜாக்கெட், தொப்பி, போர்வை என்று போனால் அதே இழை பெரிய பலம்: பருமன் கூடினால் தேய்மானம் தாங்கும், வடிவம் கலையாது.

இருக்கும் கம்பளிக்கு ஏற்ற உடையைச் செய்வது ஒரு வழி. வேண்டிய உடைக்கு ஏற்ற ஆட்டை வளர்ப்பது இன்னொரு வழி. இங்கிலாந்தின் கார்ன்வாலில் டாம் கே 2003இல் தொடங்கிய ஃபினிஸ்டர் பிராண்டு இரண்டாவதை முயன்றது. மெரினோவையும் ஷெட்லாந்தையும் கலந்து ஸ்காட்லாந்தில் உருவாக்கிய போமாண்ட் இனம் அழிகிற நிலையில் இருந்தபோது, டெவன் பகுதியில் அந்த மந்தையைப் பெருக்கிய லெஸ்லி பிரையரோடு சேர்ந்து, அங்கேயே விளைந்த மெல்லிய கம்பளியில் உடை செய்தார்கள். அழகான வேலை, மனதார மதிக்கிறேன். ஆனால் மந்தை பெருக ஆண்டுக் கணக்கில் ஆகும், அதுவரை சில பீஸ்கள்தான் வரும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் வழியைத்தான் சொல்வேன். பக்கத்து மந்தையின் ரோமத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி மைக்ரானும் இழை நீளமும் தெரிந்த பிறகு டிசைனரைக் கூப்பிடுங்கள்.

ஆய்வகம் இன்னொன்றும் சொல்லும்: இழையின் வலு. ஆடு நோயில் விழுந்தாலோ தீவனம் இல்லாமல் வாடினாலோ அந்தக் காலத்தில் வளர்ந்த ரோமம் மெலிந்துவிடும். ஒரு சிட்டிகை ரோமத்தை இரு கையாலும் பிடித்துக் காதருகே வைத்து ‘டக்’கென்று இழுத்தால், நல்ல கம்பளி கணீரென்று ஒலிக்கும், மெலிந்த இடம் இருந்தால் நரநரவென்று அறும். கம்பளி வாங்குகிறவர்கள் இன்றும் செய்யும் சோதனை இது. அங்கே அறுகிற இழை ஆலையில் இரண்டாக ஒடிந்து, குட்டை இழையாகி, கடைசியில் ஸ்வெட்டரின் மேல் உருண்டை உருண்டையான பிசிறாக வந்து நிற்கும். நாள்பட உழைக்கும் உடை என்ற வாக்குறுதி மேய்ச்சல் நிலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு ஆட்டுக்கு எத்தனை ஸ்வெட்டர்

700 கிராம் எடையில் கனமான ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னும்போதும் தைக்கும்போதும் கழிவு போக, சுமார் 750 கிராம் நூல் வேண்டும். அந்த நூலுக்கு, சிக்கெடுப்பிலும் நூற்பிலும் உதிர்வது போக, கழுவிய கம்பளி 850 கிராம் வேண்டும். ஆட்டின் மேலிருந்து வரும் ரோமத்தில் கொழுப்பு, வியர்வை உப்பு, மண், முள் எல்லாம் சேர்ந்து பாதி எடையைத் தின்றுவிடும். ஆக, கழுவாத கம்பளி 1.7 கிலோ. கொலம்பியா பெட்டை ஆடு ஆண்டுக்கு 5 கிலோ தருகிறது என்று வைத்தால் ஒரு ஆட்டுக்கு மூன்று ஸ்வெட்டர்கூட முழுசாக வராது.

தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. 300 ஸ்வெட்டர் செய்ய நூறு ஆட்டுக்கு மேல் வேண்டும் என்று தெரிந்தால், ஒரு சின்ன மந்தையோடு பேசுவதா, நான்கைந்து பேரைச் சேர்ப்பதா என்பது தானாகத் தெளிவாகும்.

இதே கணக்கில் இன்னொன்றும் வெளிவருகிறது. கழுவாத கம்பளி பவுண்டுக்கு 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 1.7 கிலோ என்பது மூன்றேமுக்கால் பவுண்டு, ஏழரை டாலர். நல்ல ஸ்வெட்டர் சில நூறு டாலருக்கு விற்கிறது. ஆட்டுக்காரருக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்தாலும் உடைக்கு ஏழரை டாலர்தான் கூடும். விலையின் பெரும்பகுதி நடுப்பகுதிக்கும் கூலிக்கும் விற்பனைக்கும் போகிறது. அப்படியிருக்க, கம்பளி விலையில் பேரம் பேசி ஆட்டுக்காரரைக் கசக்குவதில் ஒரு அர்த்தமும் இல்லை. நல்ல விலை கொடுத்தால் அவர் அழுக்கான வயிற்று ரோமத்தைப் பிரித்து வைப்பார், மந்தையை முள் இல்லாத பக்கம் மேய்ப்பார், கத்தரிக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பார். அதெல்லாம் அப்படியே ஆலையில் மிச்சமாகத் திரும்பி வரும்.

ஆலையின் வாசலில்

சின்ன பிராண்டுக்கு ஆலை பதில் சொல்வதே பெரிய விஷயம். பெரிய இயந்திரத்தைச் சுத்தம் செய்து, பல்சக்கரம் மாற்றி, அமைப்பை மாற்ற ஆகும் நேரம் பத்துக் கிலோவுக்கும் ஆயிரம் கிலோவுக்கும் ஒன்றுதான். அதனால் சில நூறு கிலோவுக்குக் கீழே பல ஆலைகள் எடுக்காது. பத்து, இருபது கிலோ எடுக்கும் மினி ஆலைகளும் உண்டு. ஆனால் கிலோவுக்கான கூலி பல மடங்கு, லாட்டுக்கு லாட் நூல் ஒரே மாதிரி இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

கழுவுவதில்தான் முடிச்சு பெரிது. வெந்நீரும் சோப்பும் போதும் என்று தோன்றும். வெளியேறும் தண்ணீரில் கம்பளிக் கொழுப்பும் அழுக்கும் கட்டியாக வரும். அதைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட முடியாது, விடவும் கூடாது. கொழுப்பைப் பிரித்து லானோலினாக விற்கும் அளவுக்குப் பெரிய ஆலையால்தான் அந்தச் செலவைத் தாங்க முடிகிறது. கழுவாலைகள் விரல்விட்டு எண்ணும்படி ஆனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த கேள்வி, கார்டிங் (சிக்கெடுப்பது) மட்டும் செய்த நூலா, சீப்பில் வாரிய நூலா? கார்டிங் நூலில் குட்டையும் நெட்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். புசுபுசுவென்று இருக்கும், உள்ளே காற்று நிற்கும், கதகதப்பு அதிகம். வாரிய நூலில் குட்டை இழை நீங்கி, நீள இழை மட்டும் ஒரே திசையில் படுத்திருக்கும். வழவழப்பு, வலு, பிசிறு குறைவு. வாருவதில் கம்பளி கூடுதலாகக் கழியும், செலவும் கூடும். உழைப்பு முக்கியம் என்றால் வாரிய நூலில் இரண்டு புரியோ மூன்று புரியோ முறுக்கிய நூலைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

சரி, நேரம்? வசந்தத்தில் கத்தரித்த கம்பளி கழுவாலையின் வரிசையில் நின்று, நூற்பாலையின் வரிசையில் நின்று, சாயம் ஏறி, கோனில் சுற்றிய நூலாகத் திரும்பி வரும்போது அந்த ஆண்டின் குளிர்காலம் தொடங்கியிருக்கும். பின்னி விற்பனைக்கு வைப்பது அடுத்த குளிருக்கு. பணம் ஒரு ஆண்டுக்கு மேல் சரக்கிலேயே முடங்கிக் கிடக்கும். கடன் வாங்கித் தொடங்குகிறவர் வட்டியை இந்தக் காலத்துக்குக் கணக்குப் போட வேண்டும்.

2012இல் வந்த அழைப்பு

2012 ஜூலையில், லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்பு, ரால்ஃப் லாரன் உடை நிறுவனம் வடிவமைத்த அமெரிக்க அணியின் சீருடை சீனாவில் தைத்தது என்ற செய்தி பெரிய கொந்தளிப்பைக் கிளப்பியது. அதையெல்லாம் குவித்துக் கொளுத்த வேண்டும் என்று செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் பேசும் அளவுக்குப் போனது. அடுத்த சோச்சி சீருடை முழுவதும் உள்நாட்டிலேயே ஆகும் என்று நிறுவனம் வாக்குக் கொடுத்தது. அந்தத் தேடலில்தான் அவர்கள் இம்பீரியல் பண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஓரிகன் கம்பளியை பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் கிரேமர் ஆலை நூற்றது. ஃபிலடெல்ஃபியாவின் லிட்டில்வுட் சாயப்பட்டறை சாயம் ஏற்றியது. கலிஃபோர்னியாவின் காமர்ஸ் நகரில் பால் ஆஃப் காட்டன் நிறுவனம் பின்னியது. முழுச் சீருடைக்கும் நாற்பதுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிறுவனங்கள் வேலை செய்தன. தொடக்க விழா கார்டிகன் கடையில் 595 டாலருக்கு விற்றது.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் அன்றைக்கும் ஆட்டுப் பண்ணைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனால் தன் கம்பளியை ஏற்கனவே நூலாக்கி, நிறம் நிறமாக ஏற்றி, சாம்பிள் அனுப்பக்கூடிய நிலையில் இருந்த பண்ணைகள் எத்தனை? கார்வர் தம்பதி கையால் பின்னுகிறவர்களுக்காக நடுப்பகுதியோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தார்கள். அந்தப் பழக்கம்தான் பெரிய ஆர்டரை ஏற்க வைத்தது.

பெரிய ஆர்டரில் ஆபத்தும் உண்டு. ஒரு வாடிக்கையாளர் ஒரு பருவத்துக்கு எல்லாச் சரக்கையும் எடுத்துக்கொண்டால், சில்லறையாக வாங்கிவந்தவர்களுக்கு நூல் இருக்காது. அடுத்த ஆண்டு அந்த ஆர்டர் வராவிட்டால் இரண்டும் போச்சு. ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவில் 2004இல் இப்படி ஒன்று நடந்தது. நைக்கி நிறுவனம் தன் ஷூவுக்காக டொனால்ட் ஜான் மக்கே என்ற நெசவாளரிடம் அந்தத் தீவுகளின் கைத்தறிக் கம்பளித் துணியான ஹாரிஸ் ட்வீட் சுமார் 10,000 மீட்டர் கேட்டது. ஒற்றைத் தறிக்காரரால் முடியாத அளவு. அவர் அதைத் தீவின் ஆலைக்கும் மற்ற நெசவாளர்களுக்கும் பிரித்துக் கொடுத்து முடித்தார். பக்கத்திலேயே நூலும் பினிஷிங்கும் கொடுக்க ஆலை இருந்ததால் அது சாத்தியமானது.

முழங்கையும் மணிக்கட்டும்

ஸ்வெட்டர் எங்கே நைகிறது என்று பழைய ஸ்வெட்டரைப் பார்த்தாலே தெரியும். முழங்கை, மணிக்கட்டு விளிம்பு, அக்குள், கழுத்துப்பட்டி. மார்பும் முதுகும் புதிது போலவே இருக்கும். எனவே உழைப்பு என்பது இந்த நான்கு இடத்தின் கேள்வி. மணிக்கட்டு விளிம்பை ஒரு இழை கூடுதலாகச் சேர்த்துப் பின்னலாம். முழங்கையில் உள்பக்கம் இரட்டைப் பின்னல் வைக்கலாம். கையை மேலிருந்து கீழாகப் பின்னினால் மணிக்கட்டு நைந்தபோது அந்த விளிம்பை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்னிவிடலாம். கீழிருந்து மேலாகப் பின்னியதைப் பிரிப்பது தலைவலி. இப்படி ஒரு சின்ன முடிவு உடைக்குப் பல ஆண்டு ஆயுளைக் கூட்டும்.

பின்னலின் இறுக்கம் இன்னொன்று. கடையில் தொட்டவுடன் மெத்தென்று இருப்பது விற்கும். அந்த மெத்தை தளர்ந்த முறுக்கிலும் தளர்ந்த பின்னலிலும் இருந்து வந்தால் ஒரே பருவத்தில் பிசிறு மூடிவிடும். இறுக்கிப் பின்னியது முதலில் விறைப்பாக இருந்தாலும் துவைக்கத் துவைக்க இழை மலர்ந்து இளகும். இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சொன்னால் புரிந்துகொள்வார்கள். பிசிறும் தேய்மானமும் பார்க்க மார்ட்டின்டேல் என்ற உரசல் இயந்திரச் சோதனை உண்டு. நூலை மொத்தமாக ஆர்டர் செய்வதற்கு முன் ஒரு துண்டைப் பின்னி அனுப்பிப் பார்ப்பது, 300 பீஸ் திரும்பி வருவதை விட மலிவு.

துணியை வெட்டித் தைப்பதா, பாகம் பாகமாக வடிவம் வைத்தே பின்னி இணைப்பதா? வெட்டினால் வேகம், ஆனால் நூறு ஆடு வளர்த்த கம்பளியில் கணிசமான பங்கு கட்டிங் மேஜைக்கு அடியில் விழும். வடிவப் பின்னலில் கழிவு மிகக் குறைவு, ஓரம் பிரியாது, பிறகு பிரித்துச் சரிசெய்யவும் முடியும். உள்ளூர்க் கம்பளி பிராண்டுக்கு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: வடிவப் பின்னல்தான்.

இயந்திரத்தில் துவைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. நனைந்து, சூடேறி, உரசும்போது ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு உடை சுருங்கிவிடுகிறது. குளோரினால் செதிலை மழுக்கி மேலே பிசின் பூசுவதுதான் பரவலான சூப்பர்வாஷ் முறை. அதைச் செய்யும் இயந்திரத் தொடர் ஜேம்ஸ்டவுனில் 2010களின் தொடக்கத்தில் வந்தது, அதற்கும் ராணுவத் தேவை பின்னால் இருந்தது. காலுறைக்கும் உள்ளாடைக்கும் இது அவசியம். வெளியே போடும் கனமான ஸ்வெட்டருக்கு வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அதை அடிக்கடி துவைக்கத் தேவையே இல்லை, காற்றாட விட்டாலே வாடை போய்விடும்.

உள்ளூர் என்று எதைச் சொல்வது

அமெரிக்க விதிப்படி கம்பளி உடையின் லேபிளில் இழை விவரமும் தயாரான நாடும் இருக்க வேண்டும். 1939 சட்டம் அது. ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்று போட, தயாரிப்பில் ஒரு படி பின்னால் போய்ப் பார்த்தால் போதும். ஸ்வெட்டர் உள்நாட்டில் பின்னியது, அதன் நூலும் உள்நாட்டில் நூற்றது என்றால் சரி. ஆடு வேறு கண்டத்தில் மேய்ந்திருந்தாலும் லேபிள் மாறாது. ஹாரிஸ் ட்வீட்டுக்கு 1993இல் தனிச் சட்டமே உண்டு: வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளிலேயே சாயம் ஏற்றி, நூற்று, தீவு மக்கள் தங்கள் வீட்டில் கையால் நெய்து, அங்கேயே பினிஷிங் செய்த தூய கம்பளி. ஆடு தீவில்தான் மேய வேண்டும் என்று அந்தச் சட்டமும் சொல்லவில்லை. நியூசிலாந்தின் ஐஸ்பிரேக்கர் பிராண்டில் நேர்மாறு: ஆடு உள்நாட்டு மெரினோ, பண்ணையோடு நீண்ட கால ஒப்பந்தம், தையல் வெளிநாட்டில்.

மூன்றுமே நேர்மையானவைதான், எது என்று வெளிப்படையாகச் சொன்னால். இம்பீரியல் வழியில் ஆடும் உள்நாடு, வேலையும் உள்நாடு. ஆனால் கம்பளி நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்த் திரும்பியது. பக்கத்திலேயே எல்லாம் நடந்தது என்று அவர்களால் சொல்ல முடியாது. ஆலைகளின் பெயரையும் ஊரையும் லேபிளிலேயே போட்டுவிடுவதுதான் நல்ல பழக்கம்.

நடுப்பகுதி ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஹாரிஸ் ட்வீட்டே சாட்சி. 2006இல் அதே தீவுகளில் இருக்கும் ஸ்டோர்னோவே ஊரின் மிகப் பெரிய ஆலையை வாங்கிய தொழிலதிபர் ஆயிரக்கணக்கில் இருந்த டிசைன்களை நான்காகக் குறைத்து, துணியைத் தன் ஜாக்கெட்டுகளுக்கே வைத்துக்கொண்டார். தறியும் திறமையும் சட்டமும் அப்படியே இருந்தன, பல நெசவாளர்களுக்கு நூல்தான் வரவில்லை. 2007இல் அங்கேயே இருந்த ஷாபோஸ்ட் ஆலை புது நிறுவனத்தின் கீழ் மீண்டும் திறந்த பிறகே நிலைமை திரும்பியது. ஒரே ஆலையை நம்பியிருக்கும் பிராண்டு, இரண்டாவது ஆலையில் ஒரு சாம்பிள் லாட்டாவது ஓட்டி வைத்திருக்க வேண்டும்.

மந்தைகளைச் சேர்த்தல்

ஒலிம்பிக்குக்குப் பிறகு ஜீன் கார்வர் போன திசைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டின் நலம், நிலப் பராமரிப்பு, பண்ணையிலிருந்து உடை வரைக்கும் கம்பளியின் தடம் ஆகியவற்றைச் சோதிக்கும் ‘பொறுப்பான கம்பளித் தரம்’ என்ற சான்றிதழை டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் அமைப்பு 2016இல் கொண்டுவந்தது. 2017இல் இம்பீரியல் பண்ணை அதைப் பெற்றது. 2018இல் அவர் ஷானிகோ வுல் கம்பெனியைத் தொடங்கி, மேற்கு மாநிலங்களின் மற்ற பண்ணைகளையும் அந்தச் சான்றிதழின் கீழ் ஒன்றாகச் சேர்க்கத் தொடங்கினார்.

ஒரு பண்ணையின் கம்பளி ஒரு பெரிய ஆலையின் லாட்டை எப்போதும் நிரப்பாது. பல பண்ணைகளின் கம்பளி மைக்ரான் வாரியாகப் பிரிந்து சேர்ந்தால் நிரம்பும். நிரம்பினால் கூலி குறையும், நூலின் தரம் ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி வரும், சான்றிதழ்ச் செலவும் பங்காகும். அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு சின்ன பிராண்டு ஐம்பது கிலோ நூல் கேட்டால் கொடுக்கவும் முடியும். ஆடே வளர்க்காமல் தைக்க மட்டும் தெரிந்த ஒருவர் தொடங்குவதென்றால், முதல் வேலையாக அப்படியொரு தொகுப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லாவிட்டால் கத்தரிக்கும் பருவத்துக்கு முன்பே நான்கு ஆட்டுக்காரர்களையும், தன்னைப் போன்ற இரண்டு மூன்று பிராண்டுக்காரர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, ஆலைக்கு ஒரே லாட்டாக அனுப்பப் பேச வேண்டும். யாருக்கு எத்தனை கோன், எந்த நிறம், ஆலைக்கு முன்பணம் யார் கட்டுவது, கழிவு எப்படிப் பங்காகும் என்பதை அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.